நாற்பத்தோராவது நகர்வு

ரூவியில் இரவு இரண்டரை.
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்கப் பத்து நிமிடம்.
அதற்குள்
கைப்பேசியில் இருக்கும் அதனிடம்
ஒருமுறை முழுதாகத் தோற்றுவிடலாம்.

பதினாலாவது நகர்வில் குதிரையை விட்டேன்.
விரலை எடுத்ததும் தெரிந்தது.
பிறகு ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை,
அந்தக் குதிரைக்குத் துக்கம் காத்தேன்.

நாற்பது முடிந்தபோது
என் ராஜா மூலையில்.
முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிப்பாய்.
கைவசம் ஒற்றை யானை.
வெள்ளைக் கொடியைத் தொட்டேன்.
லேபில் யாருமில்லை,
ஆனாலும் முகம் சுட்டது.

ஆட்டம் முடிந்தால் அது கணக்குக் காட்டும்.
பதினான்கு: பெருந்தவறு, சிவப்பில்.
தெரிந்ததுதான்.
நாற்பத்தொன்று, நான் விலகிய இடம்:
0.00

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
சமம்.

யானையைக் கொடு என்கிறது.
எதிரி ராஜாவின் மூக்கடியில் கொண்டுபோய் வை.
வெட்டினால் உன் ராஜாவுக்கு நகர இடமில்லை.
செக்கும் இல்லாமல், நகர இடமும் இல்லாமல் நிற்பவன்
தோற்றவன் அல்ல.
சட்டம் அப்படி.
வெட்டாமல் ஓடினால் விடாதே, பின்னாலேயே போ,
வெட்டு, வெட்டு என்று கட்டம் கட்டமாக,
கடன் கொடுத்தவனைத் துரத்தித் துரத்திப்
பணத்தைச் சட்டைப்பையில் திணிப்பதுபோல.

தனியாகச் சிரித்தேன்.
என்னைக் கொன்றுகொண்டிருந்ததே
நான் தப்பும் வழியையும் வைத்திருந்திருக்கிறது.
கேட்டால் காட்டுகிறது, குத்திக்காட்டவில்லை.
நாற்பத்தொன்றைப் பார்க்கும்போது
பதினான்கு அதன் ஞாபகத்தில் இல்லை.
பலகை இருக்கிறது, என் முறை இருக்கிறது,
அவ்வளவுதான்.

பீப்.
மூடியைத் திறந்தேன். மஞ்சள் மேலே, சிவப்பு கீழே.
பதினேழாம் படுக்கை, பொட்டாசியம் 6.4.
வார்டுக்கு ஃபோன் போட்டேன்.

பகல் ஷிப்டில்
ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு கவுண்டரில் அழுபவர்களிடம்
நான் சொல்வதுண்டு:
இது தீர்ப்பில்லை,
ரத்தம் எடுத்த நேரத்து நிலவரம்.
போன வாரம் பெயிண்டர் மொத்தாலிப்பிடமும் சொன்னேன்.
இந்தி அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை.
புரிந்ததுபோல் தலையாட்டினார்.
எனக்கு நானே சொல்லிக்கொண்டதாக நினைவில்லை.

லைசென்ஸ் பரீட்சை இரண்டு முறை போய்விட்டது.
மூன்றாவது கடைசி.
விண்ணப்பம் ஏப்ரலிலிருந்து
டிராயரில், கையுறைப் பெட்டிக்கு அடியில்.
இன்றைக்கு எடுத்தேன்.

‘முந்தைய முயற்சிகள்’ என்று ஒரு கட்டம்.
மனிதர்கள் அச்சடித்த காகிதம்,
குதிரை போன கதையைக் கேட்காமல் விடுமா?

நான் அது இல்லை, தெரியும்.
அதற்கு விசா முடிவதில்லை.
வாடி கபீரில் கட்டில் வாடகை இல்லை.
தன்னோடு தானே ஆடி
லட்சக்கணக்கில் தோற்றுத் தோற்றுப் படித்ததாம்.
அத்தனை தோல்விக்கும்
ஒரு கட்டத்தில் எண் போடச் சொன்னதில்லை யாரும்.
எனக்கு மொத்தமே மூன்று.

கால்குலேட்டரில்கூட
0.00 என்று அடித்துப் பார்த்தேன்.
நேரம் மூன்றே கால்.
இப்திசாம் காப்பிக்குக் கூப்பிட்டாள்,
வருகிறேன் என்றேன், போகவில்லை.

கட்டத்தில் 2 என்று எழுதினேன்.
கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது,
கோட்டைத் தாண்டி.

அடுத்த கேள்வி:
ரத்த வகை.
அது சுலபம்.