நெஞ்சளவு

சேரன்மகாதேவி அஞ்சலகத்தில் இரண்டாவது கவுண்டர் எனக்கு.
பதிவுத் தபால், ஆர்.டி. பணம், ஓரமாய்
பசை டப்பாவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு கேடயம்.
பொறித்திருக்கிற பெயர் திரு. தங்கப்பழம்.
நான் தங்கபுஷ்பம்.
சென்னை மேடையிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
யாரந்த மனுஷன் எழுந்து வருவாரென்று
நானும் கைதட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

சிறுவர் இலக்கியத்துக்கான பரிசு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
மூன்று தலை உருளுகிறது,
நடுச்சாமத்தில் மதகின் மேல் ஒரு பிரசவம்.
யாளி வருகிறதே, என்றார் நடுவர்,
மிருகம் பேசினால் அது பிள்ளைகளுக்கு.
என் யாளி பேசாதே ஐயா, என்றேன்.
காப்பி ஆறுகிறது, குடியுங்கள், என்றார்.

மதிப்புரை வருகிற பத்திரிகைகளை
நானேதான் பிரித்து அடுக்குகிறேன்.
எனக்கு விழுகிற அடிக்கு
என் கையாலேயே தேதி முத்திரை.
யாளி என்றால் உலகமயம் என்று ஒருவர்.
இல்லை, ஆசிரியை அடக்கிவைத்த கோபம் என்று
அடுத்த இதழில் அவருக்கு மறுப்பு.
மூன்று மாதம் அடித்துக்கொண்டார்கள்.
கோயில் தூணிலிருந்து இறங்கி
தோளில் சுண்ணாம்பு உதிர
பசியோடு ஆற்றுக்கு நடந்துகொண்டிருந்ததை
ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.
வெறும் யாளி. கல் யாளி.

அப்புறம் அந்த ஒரு வரி:
"மண்ணில் வேரில்லாத கற்பனை."
அன்றைக்கு யாருக்கோ ஐந்நூறு கூட எண்ணிக் கொடுத்து
கைக்காசு போட்டுக் கணக்கை முடித்தேன்.

பங்குனியில் ஓர் அஞ்சலட்டை.
அனுப்புநர்: சங்கிலிபூதம், லஸ்கர், கன்னடியன் கால்வாய்.
ஓரம்வரை நிரம்பிய பென்சில் எழுத்து.

"அம்மா, கதைய முழுக்கப் படிச்சாச்சு.
யாளி தூண விட்டு எறங்கட்டும், எனக்கு ஆட்சேபணை கெடையாது.
ராத்திரிக்கு ஒரு ஆளத் தின்னாலும் சரிதான்.
ஆனா இருநூத்திப் பதினொண்ணாம் பக்கத்துல
ஆனி மாசம் முழங்கால் தண்ணியில
அது ஆத்தத் தாண்டுதுன்னு எழுதியிருக்கிய.
ஆனியில காருக்குத் தண்ணி தொறந்துருவோம்.
அந்த எடத்துல நெஞ்சளவு போகும்.
முப்பது வருசமா ஷட்டர் தூக்குதேன்.
பொய் எழுதப்படாது."

சாயங்காலம் படித்துறைக்குப் போனேன்.
ஆற்றில் கணுக்கால்தான் நனைந்தது.
ஆனால் படிச்சுவரில் பாசி காய்ந்த கோடு ஒன்று.
கீழே இறங்கி ஒட்டி நின்று பார்த்தேன்.
சரியாக நெஞ்சுக்கு வந்தது.

கல் நீந்தாது. அதுதான் சங்கடம்.
மனுஷ நெஞ்சா யாளி நெஞ்சா என்று
கேட்டுத் தப்பிக்கலாம். அது ஏய்ப்பு.
யாளி அக்கரை சேராவிட்டால்
மதகில் பிள்ளை பிறக்காது,
மூன்றாவது தலை கழுத்திலேயே இருக்கும்,
அதற்குமேல் நானூறு பக்கம் காலி.

பதிப்பாளர் கூப்பிட்டார்.
இரண்டாம் பதிப்புக்கு அட்டையில் வட்டமாய்
'விருது பெற்ற நாவல்' என்று ஒட்டப் போகிறாராம்.
பிழை ஏதும் உண்டா?
ஒன்று உண்டு.
எழுத்துப் பிழையா?
தண்ணீர்ப் பிழை.
கொஞ்ச நேரம் மூச்சுவிடுகிற சத்தம்.

இப்போது ஆனி.
ஸ்டிக்கர்கள் அச்சாகி மூட்டையில் கிடக்கின்றன.
யாளியை நட்டாற்றில் விட்டுவிட்டு
கவுண்டருக்கு வந்துபோகிறேன்.
எப்போது வடியும் என்று லஸ்கருக்கு எழுதியிருந்தேன்.
இன்று காலைக் கட்டில் பதில்:

"புரட்டாசியில வத்தும்.
அதுவரைக்கும் அதக் கரையில கட்டிப் போடுங்க.
தீனி போடுதத மறந்துராதிய."