நூற்று அறுபத்து மூன்று ஃபில்ஸ்

ஹித் துறைமுகத்தை ஒட்டி
கப்பல் பழுதுபார்க்கும் யார்டில்
செலவுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
இந்த ஊர்க் காசுக்குப்
புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம்.
எதையும் லேசில் விட்டுவிட முடியாது.

‘தொழிலாளர் ஆரோக்கியம்’ என்று
போன மே மாதம் புதுத் தலைப்பு திறந்தேன்.
எட்டாயிரத்து எழுநூற்று அறுபது தினார்.
நிழல் கூடாரம் நான்கு, ஐஸ் மெஷின் இரண்டு,
உப்புத்தூள் பாக்கெட்,
இடுப்புவலிக்கு வாரம் ஒருநாள் பிசியோ,
பிரஷர் பார்க்க நர்ஸ் ரீனாமோள்,
கழிவறைக் கதவில் ஒட்ட
மூத்திரத்தின் எட்டு நிறம் அச்சடித்த தாள்.

சம்பளச் சீட்டு வாங்க வந்த
கேஸ் கட்டர் சூசை ஆரோக்கியம்
திரையை எட்டிப் பார்த்து மிரண்டான்:
“எம்பேர்ல எட்டாயிரமா?
நான் அட்வான்ஸே வாங்கலியே மேடம்!”

செப்டம்பரில் நோரோன்ஹா சார் கேட்டார்:
போட்டது என்ன ஆச்சு?
ஒரே பக்கத்தில் சொல்லு.
வியாழக்கிழமை போர்டு மீட்டிங்.

வேலைக்கு வராத நாட்களை எண்ணினேன்.
போன கோடையில் இருநூற்றுப் பன்னிரண்டு,
இந்தக் கோடையில் அறுபத்தொன்று.
மாற்று ஆளுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம். சுலபம்.
ஆஸ்பத்திரி பில் மிச்சம். அதுவும் சுலபம்.
போன ஆகஸ்டில் ஒரு டேங்கர்
இரண்டு நாள் தாமதமாய்த் தண்ணீரில் இறங்கியதற்குக்
கட்டிய அபராதம் பதினேழாயிரம்.
இந்த வருஷம் அது இல்லை. எழுதினேன்.

அடுத்த கட்டத்தில் கர்சர்
துடித்துக்கொண்டே நின்றது.
நடக்காத விபத்துக்கு வவுச்சர் கிடையாது.
சாரத்தின் மூன்றாம் தட்டில்
குல் ஸமானுக்குத் தலைசுற்றாத
அந்தச் செவ்வாய்க்கிழமையை
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
தில் பகதூரின் சிறுநீரகங்கள்
தொடக்க இருப்பு இரண்டு,
இறுதி இருப்பு இரண்டு.
லாபம் பூஜ்யம் என்கிறது ஃபார்முலா.

ராத்திரி ஷிப்டில் அந்த நிறத்தாளை வைத்துப்
பந்தயம் கட்டுகிறார்களாம்.
ஐந்தாம் நிறத்தைத் தாண்டியவன்
எல்லோருக்கும் மோர் வாங்கித் தர வேண்டும்.
ஃபோர்மேன் எழுதிய புகாரை
ரீனாமோள் தன் அறைச் சுவரில்
பாராட்டுப் பத்திரம்போல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

எனக்கு நூற்றைம்பதுக்கு நூறு.
திட்டம் யார்டுக்குத்தான், அலுவலகத்துக்கு இல்லை.
பதினொரு மணி நேர நாற்காலி.
சும்மா சொல்லிவைக்கிறேன்,
கணக்கில் சேராது.

கடைசியில் வந்தது 2.663.
போட்ட ஒவ்வொரு தினாருக்கும்
இவ்வளவு திரும்பியிருக்கிறது.
“இரண்டரை என்று போடு,” என்றார் சார்,
“மூன்று இலக்கம் எழுதினால்
ஜோடித்த மாதிரி இருக்கும்.”
அழித்தேன்.
மீட்டிங்கில் மேசையைத் தட்டினார்களாம்.
அடுத்த வருஷமும் திட்டம் உண்டு,
பிசியோ மட்டும் இல்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே
கோல்டு ஸ்டோர் வாசலில் ஆரோக்கியம்.
சேதி எனக்கு முன்பே அவனுக்குப் போயிருந்தது.
“எங்க ஒடம்புல ஒண்ணு போட்டு
ரெண்டரை எடுத்தாங்களாமே.
நல்லது மேடம்.
அதுல எங்க பங்கு எவ்வளவு?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நான் மனக்கணக்கில் இருந்தேன்.

யார் கையிலும் சேராமல்
நான் அழித்தது
நூற்று அறுபத்து மூன்று ஃபில்ஸ்.
கரக் சாயா நூற்றைம்பது.
ஒன்று வாங்கி அவனிடம் நீட்டினேன்.

“ஐயோ, இனிப்பு! ரீனா சிஸ்டர் திட்டும்.”
இடுப்பில் தொங்கிய பாட்டிலைத் திறந்து
மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தான்,
கம்பெனி ஐஸ் போட்ட தண்ணீர்,
ஏற்கெனவே செலவில் எழுதியது.

சாயாவை நானே குடித்தேன்.
எனக்கும் ஆகாதுதான்.