எழுபத்தைந்து கிலோ, இடக்கை

முப்பத்தொரு பேர் பதிந்திருந்தார்கள்.
பத்து மணிக்கு எண்ணினேன், பதினொருவர்.
அதில் ஒருவர் தண்ணீர் பவுசர் ஓட்டி வந்தவர்,
சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.
ஆகப் பத்து.

உட்துறைமுக வீதியில்
கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற மண்டபம்.
மேசையை நான்தான் ஒட்டினேன்,
வெல்டிங் கடையில் மிஞ்சிய குழாய்களில்.
முழங்கை மெத்தைக்குப் பழைய பஸ் சீற் ஒன்றைக் கிழித்தேன்.
மூதூர் றூட்டில் ஓடிய பஸ்.
இப்போது அதன் மேல் ஏறி இறங்குகிறவை
கைகள் மட்டும்,
டிக்கெட் இல்லாமல்.

விடிந்ததிலிருந்து போனில் ஒரே வசனம்:
"அண்ணே, குறை நினையாதீங்கோ."
வவுனியாத் தவநேசன்,
மோட்டச்சைக்கிளில் இரண்டு பேராய் வந்தாலும்
பெற்றோலுக்குக் கட்டாதாம்.
புல்மோட்டை அஸ்மீர்,
வலை இழுத்த காசு படகு டீசலுக்கே சரி,
கை மட்டும்தான் மிச்சமாம்.
மன்னாரிலிருந்து ஒருவர் கணக்கையே வாசித்தார்:
வர இவ்வளவு, போக இவ்வளவு,
இரவு தங்க, சாப்பிட,
பதிவுக்கு முந்நூறு.
முதற்பரிசு ஐயாயிரம்.
"வெண்டாத்தான் அண்ணே வீட்ட வரலாம்.
தோத்தா அங்கயே உங்களோட இருக்க வேண்டியதுதான்."
சிரித்தார், நானும் சிரித்தேன்.
சிரித்தபடியே பெயரை வெட்டினேன்.

எழுபத்தைந்து கிலோ, இடக்கை.
வந்தது ஒரே ஆள்.
நிலாவெளிப் பேரின்பன், ஐஸ் வாடியில் கட்டி தூக்குகிறவன்.
போன வருடம் அவனும் ஏறாவூர் நஸ்மியும்
நாற்பத்தேழு விநாடி அசையாமல் நின்றார்கள்.
நெற்றி நரம்பு புடைத்துப் பிடி வழுகி
பட்டி போட்டுக் கட்டி
அதுவும் அறுந்து
நேரம் போய்விட்டதென்று மண்டபக்காரர் லைற்றை அணைத்தார்.
முடிவு இல்லை என்று எழுதினேன்.
அந்த இரண்டு சொல்லோடு
ஒரு வருடம் ஐஸ் தூக்கியிருக்கிறான்.

விதிப்படி மூன்று தரம் கூப்பிட வேண்டும்.
ஏறாவூர் நஸ்மி.
ஏறாவூர் நஸ்மி.
மூன்றாவதை மெதுவாகச் சொன்னேன்,
ஏதோ வாழைச்சேனையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறவனுக்கு
நேரம் கொடுப்பதுபோல்.
பேரின்பன் மெத்தையில் முழங்கை ஊன்றி
உள்ளங்கையைத் திறந்து வைத்திருந்தான்.
ஃபேன் காற்று அதற்குள் போய்
வெளியே வந்தது.
நான் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தேன்.
பவுசர்க்காரர் மட்டும் கைதட்டினார்.

காசை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான்.
பிறகு கேட்டான்:
"அண்ணே, இந்த மேசை கழருமா?"

கழரும். எட்டு போல்ற்.
செவ்வாய் இரவு ஐஸ் லொறி வாழைச்சேனைக்குப் போகிறது.
முன்னால் ஒரு இடம் அவனுக்கு,
பின்னால் உமிக்கும் கட்டிக்கும் நடுவில்
நான்கு துண்டாய் மேசை.
அங்கிருந்து ஏறாவூருக்கு
நஸ்மியின் மச்சான் லாண்ட்மாஸ்ரர் கொண்டுவருவானாம்.
"நடுவர்?" என்றேன்.
எனக்கு லொறியில் இடமில்லை,
பஸ்ஸுக்கு என்னிடம் மனமில்லை.
"நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டம்."

புதன் பின்னேரம் போன் வந்தது.
அரிசி மில் இரைச்சலுக்குள் இரண்டு பேர்
ஒரே நேரத்தில் பேசினார்கள்.
யார் வென்றது என்று மூன்று தரம் கேட்டேன்,
விதிப்படி.
ஒருவன் சொன்னான், மேசையின் ஒரு கால் வளைந்துவிட்டது.
மற்றவன் சொன்னான், வெல்டிங் நல்ல வெல்டிங்தான்,
குழாய்தான் பிழை.
வேறொன்றும் சொல்லவில்லை.

மேசை இன்னும் அங்கேதான்.
திரும்பும் லொறியில் மீன் நிறைந்துவிட்டதாம்.
அதைச் சுற்றி இப்போது ஏறாவூரில்
வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு
பதினேழு பேர் கூடுகிறார்களாம்,
எல்லாரும் நடந்து வருகிற தூரத்து ஆட்கள்.
அடுத்த மாதம் போட்டி வைக்கிறோம்,
நீங்கள்தான் நடுவர், கட்டாயம் வாங்கோ என்கிறான் நஸ்மி.

கடைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
போட்டுப் பார்த்தேன்.
போக இவ்வளவு, வர இவ்வளவு,
ஒரு நாள் கடை பூட்டினால் இவ்வளவு.
மறுபடியும் கூட்டினேன்.
போனை எடுத்தேன்.

"தம்பி," என்றேன்,
"குறை நினையாதை."