முதுசம்

இரும்புக் குளிசை முடிஞ்சுபோச்சு,
எழுதித் தாங்கோ என்றுதான் போனேன்
லாங்கென்தால் ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள டொக்டரிடம்.
நாற்பத்தொரு வயது. களைப்பு.
முதியோர் இல்லத்துக் குசினியில்
மூட்டை மூட்டையாய் உருளைக்கிழங்கு உரிக்கிறவளுக்குக்
களைப்பும் ஒரு வருத்தமா?

டொக்டர் ரூயெக் குளிசை எழுதவில்லை.
"ரத்தம் எங்கே போகிறது?" என்றாள்,
தண்ணீர் பில் கூடினால்
குழாய்க்காரன் கேட்கிறமாதிரி.
பிறகு: அப்பா எதனால்?

வயிற்றுக்குத்து. நாற்பத்தாறு.
மருந்துக் கப்பல் வராத மாதம்,
வருத்தத்துக்குப் பெயர் வைக்க ஆளில்லை.

வேறு யாரும்?
மாமி. கர்ப்பப்பை எடுத்தது, பிறகும் தப்பவில்லை.
அது வேறைதானே என்றேன்.
பேனா நின்றது.
வேறாக இல்லாமலும் இருக்கலாம்.
"மாமி என்றால் ரத்தமா, கலியாணமா?"

எங்கடை ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்.
பஸ்ஸில் இடம் தந்தவளும் மாமிதான்.
ரத்தம், என்றேன். அப்பாவின் நேர் தங்கச்சி.
வட்டம் போட்டு உள்ளே கறுப்படித்தாள்.

சித்தப்பா?
இருபத்தேழு. ஷெல்.
சதுரம் போட்டுக் குறுக்கே வெட்டினாள்.
உள்ளே கறுப்பா வெள்ளையா,
யாருக்குத் தெரியும்?
நோய் வரும் வயதுக்கு
அவரைப் போகவிடவில்லை.
கேள்விக்குறி ஒன்றை வைத்தாள்,
மெல்ல, பூ வைக்கிறமாதிரி.

குடலில் முளை இரண்டு. வெட்டியாச்சு.
பேர்ணுக்குப் போன ரத்தம்
ஒற்றைத் தாளாய்த் திரும்பி வந்தது:
ஓரிடத்தில் ஓர் எழுத்துப் பிழை.
இனி இரண்டு வருடத்துக்குள் ஒருதரம்
எலுமிச்சை மணக்கும் அந்த உப்புத் தண்ணி,
இரவெல்லாம் கக்கூஸ்.
பரவாயில்லை.
தர்மிகாவுக்குப் பதினைந்து.
பதினெட்டுக்குப் பிறகு அவள் விருப்பம் என்றார்கள்.
பூவோ தலையோ,
சுண்டின காசு இன்னும் ஆகாயத்தில்.

அண்ணாவுக்கு நான்தான் சொல்லவேணுமாம்.
எட்டு வருடம் பேச்சில்லை.
அப்பாவின் வளவு, பதினாறு பனை, ஒரு பங்குக் கிணறு.
இதற்கு மட்டும்
உறுதியும் இல்லை, நொத்தாரிசும் இல்லை.

ஸ்கார்பரோவில் விடியக் காத்திருந்து எடுத்தேன்.
"ஆர்?"
நான்.
"காணி விஷயமோ?"

முதுசம்தான், என்றேன்.
வைச்சிடாதை.
நீ கடைசியாய் எப்ப வயிறு காட்டினனி?