பதினோரு வரி

பன்னிரண்டு வருஷம்
நடமாடும் நூலக வண்டியை நான் ஓட்டினேன்.
அட்ராக்டா மல்வீ பின்னால் நின்று
புத்தகங்களுக்கு முத்திரை குத்தினாள்.
லீட்ரிமில் மழை விடுவதில்லை,
மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வண்டியின் டேஷ்போர்டு அறையில் கவிதை நோட்டு.
வீட்டில், ரொட்டி டப்பாவில் நாவல்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது என்பாள்.
பார்த்தால்?
"ஒன்று மற்றதைத் தின்றுவிடும்."
எது எதை என்று சொன்னதில்லை.

கவிதை எழுதியதெல்லாம்
வண்டி நிற்கிற இடங்களில்:
ட்ரம்ஷான்போ முக்கில்,
கௌபாய் கதை கேட்டு வரும் ஒரே ஒரு கிழவர்
சைக்கிளைச் சாத்திவிட்டு ஏறும் வரைக்கும்.
நாவலுக்கு இரவு.
கன்று ஈனும் பசுவைப் பார்க்க
கணவன் டோனல் டார்ச்சோடு போனபின்
அடுப்படி மேசையில்.

அந்த மார்ச்சில்
ஃபெர்கல் பெய்ர்னின் படகு
ஆலன் ஏரியிலிருந்து தனியாகத் திரும்பியது.
அட்ராக்டா பதினோரு வரி எழுதினாள்.
மாவட்டப் பத்திரிகையில் வந்தது,
ஆட்டுச் சந்தை விலைக்குப் பக்கத்தில்.

அடுத்த வியாழன்
அண்ணன் லொர்கன் வண்டியில் ஏறினான்,
தொப்பி விளிம்பு சொட்ட,
தாளை நாலாய் மடித்துப் பிடித்தபடி.
"நல்லா இருக்கு" என்றான்.
"ஆனா அவன் எத்தனை மணிக்குக் கிளம்பினான்?
நான் தூங்கிட்டேன்.
இதுல அது இல்லையே."
அவள் வாயடைத்துப் போய்
அவன் கேட்காத ஒரு புத்தகத்துக்கு
முத்திரை குத்தி நீட்டினாள்.
வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத
ஆறு வருஷம் ஆயிற்று,
முந்நூற்று நாற்பது பக்கம்.
பெயரை மாற்றினாள். ஏரியை மாற்றவில்லை.
ஐந்து இருபதுக்குக் கிளம்புகிறான் அவன்,
பாதி முட்டையைத் தட்டில் விட்டுவிட்டு.
இடது காலணிக்கு நாடா இல்லை,
வைக்கோல் கட்டுகிற கயிறு.
"கயிறு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.
"தெரியாது. கவிதையில் படகு போதும்,
ஆளே வேண்டாம்.
இங்கே அவனைத் துறை வரைக்கும்
நடத்திக் கூட்டிப் போகணுமே."

டப்ளின் வானொலியில் கேட்டார்கள்:
நீங்கள் முதலில் கவிஞரா, நாவலாசிரியரா?
"நூலக உதவியாளர்" என்றாள்.
பாலினமோர் சர்ச் வாசலில்
வண்டிக்குள் உட்கார்ந்து கேட்ட நான்
ஹாரனை ஓங்கி அடித்துவிட்டேன்.
ஏதோ சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது,
அதை நான் கவனிக்கவில்லை.

லொர்கன் நாவலைத் திருப்பிக் கொடுத்தது
மூன்று வாரம் தாமதமாக.
அபராதக் காசை
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான்.
"ஐந்து இருபது. சரியாத்தான் இருக்கும்."
பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:
"அந்தப் பதினோரு வரியில
அவன் போய்ச் சேர்ந்துட்டான், அட்ராக்டா.
இப்போ தினமும் கிளம்புறான்."

திரும்பி வரும்போது ஏரியோரம்
நிறுத்தச் சொன்னாள்.
நிறுத்தினேன்.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் இறங்கவுமில்லை, எழுதவுமில்லை.
ஒரு ஆப்பிளைத் தின்றாள், கொட்டை உட்பட.
"போகலாம்" என்றாள்.

அதன்பின் இரண்டு கவிதைத் தொகுப்பு,
இன்னொரு நாவல், அதற்கு ஒரு பரிசு;
பரிசுப் பணத்தில் கொட்டகைக்குத் தகரம்.
எதிலும் யாரும் தண்ணீருக்குப் போகவில்லை.
நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகம் வண்டியை விற்றபோது
காலி செய்தவன் நான்.
டேஷ்போர்டு அறையில் நோட்டு அப்படியே கிடந்தது.
தபாலில் அனுப்பி வைத்தேன்.
அனுப்புமுன் ஒரே ஒருமுறை திறந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
எழுத்தைப் படிக்கவில்லை.
தாள்களுக்கு நடுவே
தையல் ஓரமாக,
ரொட்டித் துகள்.