ஐந்து லிட்டர்

சொரோட்டி ஆஸ்பத்திரியில், என் வார்டில்
எடைக்கற்கள் கிடையாது.
சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேன்களைக் கழுவி
தண்ணீர் நிரப்பிக் கட்டுவேன்.
கட்டில் காலடியில் கப்பி, அதன் மேல் கயிறு.
இந்த முனையில், முழங்காலுக்குக் கீழே
குறுக்கே குத்திய ஆணி.
அந்த முனையில் ஐந்து லிட்டர்.

தசை எலும்பை மேலே இழுக்கும்
தண்ணீர் கீழே இழுக்கும்
சண்டை ஓய எட்டு வாரம்.
புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்.
அவர்களும் வேறெதுவும் கேட்பதில்லை,
வண்டி என்னாயிற்று என்பதைத் தவிர.

பதினான்காம் கட்டில் எடியாங்.
போடா-போடா ஓட்டுகிறவன்.
பைக்கின் மீது இன்னும் பதினோரு மாதத் தவணை.
பதினைந்தில் ஒக்வாலிங்கா,
அன்று அவன் பின்னால் உட்கார்ந்து வந்தவர்,
மடியில் மூன்று கோழிகளோடு.
கரும்பு லாரி ஒதுங்கவில்லை.
இருவருக்கும் இடது தொடை.
கோழிகள் நடந்தே போயிருக்கின்றன.

"சவாரிக் காசு பாக்கி" என்பான் இவன்.
"சந்தைக்கென்று பேசி
பாலத்திலேயே இறக்கிவிட்டாயே" என்பார் அவர்.
வார்டு முழுக்கச் சிரிக்கும்.
சிரித்தால் வலிக்கும் என்று
விலா முறிந்த பையன் கெஞ்சுவான்.

ஐந்தாம் வாரம் எக்ஸ்ரே.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர்.
ஒக்வாலிங்காவின் எலும்பு நேர்.
எடியாங்குடையது
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது,
இரண்டு சென்டிமீட்டர்.
"கயிறு யார் கட்டியது?"
நான்தான்.

முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.
கேனைத் தூக்கிப் பார்த்தேன்.
கை பழகிய எடை இல்லை.
மூடியைத் திறந்தால்
பாதிக்கும் கீழே தண்ணீர்.

அது மார்ச்.
குழாயில் காற்று மட்டும் வரும்.
கேட்டுக்கு வெளியே ஒரு கேன் ஐந்நூறு ஷில்லிங்.
அவன் கட்டிலுக்கு அடியில், பாயில்,
அமுலென் படுத்திருந்தாள், மார்பில் நான்கு மாதக் குழந்தை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவள் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவன்தான் கூரையைப் பார்த்துச் சொன்னான்:
"ராத்திரி கால் கனத்தது, சிஸ்டர்.
நான்தான் குடிக்கச் சொன்னேன்."

கனத்தது என்பது பொய்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
எடை கசிந்தது. கேன் பழையது.
அந்தக் கேனில் ஓட்டை எதுவும் இல்லை.

புதுக் கழிப்பறை கட்டும் இடத்திலிருந்து
அன்று மாலையே மணல் அள்ளி வந்தேன்.
எல்லாக் கேன்களிலும் மணல்.
மணலை யாரும் குடிக்க முடியாது.

ஜூனில் இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.
ஸ்டேண்டுப் பையன்கள் காசு திரட்டி
ஊன்றுகோல் வாங்கி வந்தார்கள்.
எடியாங்கின் இடது செருப்புக்குக் கீழே
டயர்த் துண்டு இரண்டு அடுக்கு, ஆணி அடித்து.
அவனுடைய பழைய பைக்கின் டயரே அது என்றார்கள்.
ஒக்வாலிங்கா அவன் சட்டைப் பையில்
எதையோ திணித்தார்.
"பாலம் வரைக்கும்தான்" என்றார்.

இப்போது பதினான்கில் வேறொருவன்,
பதினைந்தில் வேறொருவன்.
தண்ணீர் இருந்த நாட்களில்
யார் தூங்கவில்லை என்று
மேஜையில் இருந்தபடியே தெரியும்.
கால் துடித்தால் கேன் தளும்பும்.
மணலிடம் சத்தமில்லை.
ஒவ்வொரு இரவும் டார்ச்சோடு எழுந்து
கட்டில் கட்டிலாகப் போய்
முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.