ஐந்து கட்டி ஐஸ்

குருநகர் ஐஸ் பக்டறியில் கேட்டார்கள்:
"மீன் எங்கை, பிள்ளை?"
மீன் இல்லை அண்ணை, படம் காட்டப் போறம்.
பற்றுச்சீட்டில் அதற்கு இடம் இல்லை.
'பாரை' என்று எழுதித் தந்தார்.

உமி போர்த்த ஐந்து கட்டி.
லாண்ட்மாஸ்டர் வலைக்கொட்டிலுக்கு வந்துசேர்வதற்குள்
ஒவ்வொன்றும் ஒரு சாண் குறைந்திருந்தது.

பானிக் தடவிப் பார்த்தாள்.
"இதற்கு வயதே இல்லை" என்றாள்.
பிறகு கன்னத்தை அதில் வைத்தாள்.
வந்த பதினான்கு நாளில்
அவள் பேசாமல் நின்றது அப்போதுதான்.

சுகிர்தா கேட்கக் கூடாததைக் கேட்டாள்:
உங்களிடம் பனிக்கு எத்தனை சொல்?
நிவிக்கு அலுத்த கேள்வி.
உங்களிடம் வெப்பத்துக்கு எத்தனை?
வெயில், வெக்கை, புழுக்கம், அவிச்சல் என்று போய்
காண்டாவனத்தில் முட்டினோம்.
அதை விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம்.
எரிகிற காடு என்றால்
அவள் ஊரில் மரமே இல்லை.

அவர்களுடையது பாட்டில்லை, பந்தயம்.
இரண்டு பெண்கள்
முழங்கை பிடித்து முகத்துக்கு முகம் நிற்பார்கள்.
ஒருத்தி விடுகிற இடத்தில்
மற்றவள் மூச்சை எடுக்கவேண்டும்.
தொண்டைக்குள் நாய்கள் ஓடும், வாத்துகள் இறங்கும்.
முதலில் சிரிப்பவள் தோற்றாள்.
வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை
விளையாடுவார்களாம்.
"திரும்பாவிட்டால்?"
கேட்டது அன்ரனிற்றா.
நான் மொழிபெயர்க்கவில்லை.
புறொஜெக்டர் வயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

எழுபது கதிரை. இருபத்துமூன்று பேர்.
அதில் ஐந்தாறு பேர் ஐஸுக்கு என்ன நடக்கிறதென்று பார்க்க வந்தவர்கள்.
கட்டிகளின் மேல் படத்தை விழுத்தினேன்.
பானிக்கின் மாமி
கடலில் வெட்டிய துளையருகே குந்தியிருந்தாள்.
கட்டி வெடித்தது; கோடு அவள் முதுகில் ஓடியது.
அன்ரனிற்றா றெஜிபோம் பெட்டியை
ஈரவிரலால் உரசினாள். பல் கூசியது.
சுகிர்தா சலங்கை கட்டவில்லை.
உருகிய தண்ணீரில் குதிக்கால் வைத்தாள்,
வைத்த இடத்தில் மாமியின் வெளிச்சம் சிதறியது.
நிவியும் பானிக்கும்
ஒரே நெஞ்சு போல இரைந்துகொண்டிருந்தார்கள்.

கரண்ட் போனது.

படம் இல்லை. நான் இல்லை.
சொட்டுகிற சத்தம், சுகிர்தாவின் கால், மூச்சு.
யாரும் நிறுத்தவில்லை.
பின்வரிசையில் ஒருவர் ரோச் அடிக்க
இன்னொருவர் அணைக்கச் சொன்னார்.
எனக்கு இனி வேலையில்லை என்று நினைத்த நேரம்
குளிர்ந்த கையொன்று என் முழங்கையைப் பிடித்தது.
அவள் விட்டாள்.
நான் எடுத்தேன்.
மீன்வாடையும் தேங்காயெண்ணெயும் கலந்த மூச்சு.
எண்ணெய் அவள் இங்கே பழகியது.
விட்டேன். எடுத்தாள்.
பதினொன்றா, பன்னிரண்டா தெரியாது,
வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ புரண்டுவந்து
நான்தான் சிரித்தேன்.
இருட்டில் இருபத்துமூன்று பேரும்
தோற்றுப்போனார்கள்.

வெளிச்சம் வந்தபோது
முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு கட்டி.
இறால் பெட்டிக்குத் தாங்கோ என்று
ஒரு பெடியன் சாக்கோடு நின்றான்.
கொடுத்தோம்.
உள்ளே ஒரு மாமி
குந்தியிருப்பதைச் சொல்லவில்லை.